இன்ஜின் ஓடிவிட்டது, எண்ணெய் எங்கே? ஃப்ளைட்100: ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பர் 28 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 787-9 விமானம் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இறங்கியது. நாள் தவறாமல் விமானங்கள் போய்வரும் தடம்தான். ஆனால் அன்றைய விமானத்தில் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட இல்லை, காசு கட்டி ஏற்றிய சரக்கும் இல்லை. வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சன், அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் ஷாய் வைஸ், அப்போதைய பிரிட்டன் போக்குவரத்து அமைச்சர் மார்க் ஹார்ப்பர், கூடவே பொறியாளர்களும் செய்தியாளர்களும் இருந்தார்கள். இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் 1000 இன்ஜின்களுக்கும் அட்லாண்டிக் முழுக்கப் போனது பெட்ரோலியத்திலிருந்து வராத எரிபொருள். அந்தப் பறப்புக்கு வைத்த பெயர் ஃப்ளைட்100.

விமானத் துறையின் கார்பன் சிக்கலைப் பாடமாக எடுக்கும்போது பெரும்பாலும் 2050 இலக்கு, உலக உச்சி மாநாடு என்று உயரத்திலிருந்து தொடங்குகிறோம். நான் இந்த ஒற்றைப் பறப்பிலிருந்து தொடங்குகிறேன். துறையின் தொழில்நுட்பச் சாதனை, கணக்குச் சிக்கல், மூலப்பொருள் பஞ்சம், விளம்பரச் சண்டை எல்லாம் இந்த ஒரு தொட்டிக்குள் இருக்கின்றன.

தொட்டியில் என்ன இருந்தது

கலவையில் 88 சதவீதம் கழிவு எண்ணெயும் கொழுப்பும். சுத்திகரிப்பு ஆலையில் கொழுப்பை ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்து, அதிலிருக்கும் ஆக்சிஜனை நீக்கி, நீண்ட கார்பன் சங்கிலிகளை உடைத்து ஒழுங்குபடுத்தினால் மண்ணெண்ணெய் போன்ற ஒரு திரவம் கிடைக்கும். தொழிலில் இதை ஹெஃபா என்பார்கள். இன்றைக்குச் சந்தையில் கிடைக்கும் 'நிலைத்தகு விமான எரிபொருள்', அதாவது எஸ்.ஏ.எஃப்., பெரும்பாலும் இதுதான்.

மீதி 12 சதவீதம்தான் சுவாரசியம். அது தாவரச் சர்க்கரையிலிருந்து செய்த செயற்கை அரோமேட்டிக் மண்ணெண்ணெய், அதாவது வளைய வடிவ கார்பன் சேர்மங்கள் நிறைந்த மண்ணெண்ணெய். ஏன் அது வேண்டும் என்று புரிய, விமானத்தின் எரிபொருள் குழாய் இணைப்பு ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். ஓ-ரிங். பழைய விமானங்களில் அது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து வரும் சாதாரண ஜெட் எரிபொருளில் அரோமேட்டிக் சேர்மங்கள் கொஞ்சம் கலந்திருக்கும். அவை ரப்பருக்குள் ஊறி வளையத்தைச் சற்று உப்ப வைக்கும். அந்த உப்பல்தான் இடைவெளியை அடைத்துக் கசிவைத் தடுக்கிறது. பல ஆண்டுகள் இப்படி ஊறிப் பழகிய வளையத்தின் மேல் திடீரென அரோமேட்டிக் இல்லாத ஹெஃபாவை ஓடவிட்டால், ஊறியது வெளியேறி வளையம் சுருங்கும். எரிபொருள் சொட்டத் தொடங்கும். கடல் நடுவில், 11 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு சொட்டு கசிவதைக்கூட யாரும் விரும்புவதில்லை.

அதனால்தான் தரநிலைகளை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு இந்த எரிபொருளுக்கு எழுதிய டி7566 தரநிலை ஹெஃபாவை 50 சதவீதத்துக்கு மேல் கலக்க விடுவதில்லை. மீதிப் பாதியாக வரும் பெட்ரோலிய எரிபொருள் அரோமேட்டிக்கைக் கொண்டுவந்துவிடும். ஃப்ளைட்100 அந்த வேலையை 12 சதவீதச் செயற்கைச் சரக்கிடம் ஒப்படைத்தது. தரநிலைக்கு வெளியே போனதால் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸ் தன் டார்பி வளாகத்தில் இன்ஜினைத் தரையில் வைத்து ஓட்டிக் காட்டியது. அதன் பிறகுதான் பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் பறக்க அனுமதி தந்தது. பிரிட்டன் அரசு 10 லட்சம் பவுண்டு வரை நிதி கொடுத்தது.

இதே நிறுவனம் 2008 பிப்ரவரியில் ஹீத்ரோவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு 747-ஐ ஓட்டியது. நான்கு இன்ஜின்களில் ஒன்றுக்கு மட்டும் 20 சதவீதம் தாவர எண்ணெய் எரிபொருள் கலந்தார்கள். தேங்காய் எண்ணெயும் பபாசு என்ற பிரேசில் பனை எண்ணெயும். நான்கில் ஒரு இன்ஜினின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு இன்ஜினும் முழுதாக என்ற நிலைக்கு வர 15 ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு போல்ட்டை மாற்றினால்கூடச் சான்று கேட்கும் துறை இது, அப்படிக் கேட்பதால்தான் நாமெல்லாம் பயமில்லாமல் ஏறுகிறோம்.

'உலகிலேயே முதல்' என்று நிறுவனம் சூட்டிக்கொண்ட பட்டத்தையும் கொஞ்சம் நிதானமாகத்தான் வாசிக்க வேண்டும். ஒன்பது நாள் முன்னதாக ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி600 தனி ஜெட் அமெரிக்காவின் சவானாவிலிருந்து இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவுக்கு 100 சதவீத எஸ்.ஏ.எஃப்.-இல் பறந்துவிட்டது. 2021 டிசம்பரில் யுனைடெட் நிறுவனம் பயணிகளை ஏற்றிய 737 மேக்ஸின் இரண்டு இன்ஜின்களில் ஒன்றை முழுக்க இதில் ஓட்டியது. ஆக ஃப்ளைட்100, பெரிய பயணிகள் விமானம் ஒன்றை இரண்டு இன்ஜினிலும் இந்த எரிபொருளோடு அட்லாண்டிக்கைத் தாண்டவைத்த முதல் விமான நிறுவனப் பறப்பு. அடைமொழி நீளம்தான், ஆனாலும் சாதனை சாதனைதான்.

வேறு வழியே இல்லையா

பேட்டரியில் ஓட்டலாமே என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். ஒரு கிலோ ஜெட் எரிபொருளில் சுமார் 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. நல்ல பேட்டரித் தொகுப்பு ஒரு கிலோவுக்குக் கால் கிலோவாட்-மணி அளவில் தரும். மின் மோட்டார் ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்தும் என்று சலுகை கொடுத்துப் பார்த்தாலும் இருபது மடங்கு எடை நிற்கிறது. லண்டன்–நியூயார்க் பறப்புக்கு 787-9 ஏறக்குறைய 40 டன் எரிபொருள் எரிக்கும் என்றால், அதற்கு ஈடான பேட்டரி 800 டன். அந்த விமானம் ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து மேலே எழும்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே சுமார் 254 டன்தான். போதாக்குறைக்கு எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும். பேட்டரி இறங்கும்வரை அதே கனம். 2020-இல் ஐரோப்பியச் சான்று பெற்ற பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோ இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். முக்கால் மணி, ஒரு மணி நேரம் என்ற அளவில் பறக்கும். பறக்கக் கற்றுக்கொடுக்க நல்லது.

ஹைட்ரஜன் எடையில் இலேசு, இடத்தில் பேராசைக்காரன். கிலோவுக்குக் கிலோ ஜெட் எரிபொருளைவிட மூன்று மடங்கு ஆற்றல் தரும். ஆனால் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் வேண்டும், அப்படியும் ஏறக்குறைய நான்கு மடங்கு கொள்ளளவு பிடிக்கும். இறக்கைக்குள் அடங்காது. உடற்பகுதியில் வைத்தால் பயணிகள் இருக்கை போகும். முடியாது என்றும் இல்லை: சோவியத்தின் டு-155 விமானம் 1988-லேயே திரவ ஹைட்ரஜனில் ஓர் இன்ஜினை ஓட்டிப் பறந்தது. 2035-இல் ஹைட்ரஜன் விமானம் என்று 2020-இல் அறிவித்த ஏர்பஸ், அந்த ஆண்டுக்குள் முடியாது என்று 2025 தொடக்கத்தில் சொல்லிவிட்டது.

ஆக, நீண்ட தூரத்துக்கு இப்போதைக்கு இருக்கிற விமானம், இருக்கிற இன்ஜின், இருக்கிற குழாய், எரிபொருள் மட்டும் வேறு. இந்த வசதிதான் எஸ்.ஏ.எஃப்.-இன் முழு கவர்ச்சியும். இன்று வாங்கும் விமானம் 25 ஆண்டு பறக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அது சின்ன வசதி இல்லை.

95 டன் எங்கே குறைந்தது

பறப்புக்குப் பிறகு வந்த முடிவு இது: வழக்கமான பறப்போடு ஒப்பிட்டால் 95 டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம், அதாவது 64 சதவீதம் குறைவு. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வழக்கமான பறப்பு ஏறக்குறைய 148 டன் ஆகிறது.

இந்த 95 டன்னை இன்ஜினின் பின்பக்கத்தில் நின்று அளந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. ஹெஃபாவும் கார்பன் சங்கிலிதான், எரித்தால் ஒரு கிலோவுக்கு மூன்று கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும், பெட்ரோலிய எரிபொருளைப் போலவே. குறைவது கணக்குப் புத்தகத்தில். அந்தக் கார்பன் பூமிக்கடியில் கிடந்ததல்ல, சமீபத்தில் ஒரு செடி காற்றிலிருந்து உறிஞ்சியது என்ற அடிப்படையில் கழிக்கிறார்கள். இது ஏமாற்று இல்லை. வளர்ந்தது முதல் எரிந்தது வரை முழு ஆயுளையும் எண்ணும் நியாயமான முறைதான். ஆனால் அந்தச் செடி உண்மையிலேயே எங்கே, எந்த நிலத்தில் வளர்ந்தது என்பதைச் சரியாக எழுதினால் மட்டுமே நியாயம்.

இன்ஜினின் பின்பக்கத்தில் உண்மையாகவே குறைந்தது வேறொன்று: புகைக்கரி. துகள் உமிழ்வு 40 சதவீதம் குறைந்தது. அரோமேட்டிக் குறைந்தால் கரி குறையும். ஓ-ரிங்கை உப்பவைக்கும் அதே சேர்மம்தான் கரியையும் பிறப்பிக்கிறது. இந்தக் கரி ஏன் முக்கியம் என்றால், ஈரமான குளிர்ந்த வானடுக்கில் விமானம் போகும்போது பின்னால் விழும் வெள்ளைக் கோட்டின் பனித்துகள்கள் அந்தக் கரியைப் பிடித்துத்தான் உருவாகின்றன. சில கோடுகள் நிமிடத்தில் மறையும். சில மணிக்கணக்கில் விரிந்து மேகமாகி, தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தடுக்கும். விமானத் துறை உலகின் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 2.5 சதவீதத்துக்குப் பொறுப்பு. இந்த மேகங்களையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்தால் புவி வெப்ப விளைவில் அதன் பங்கு 3.5 சதவீதம் என்பது 2021-இல் வெளியான விரிவான மதிப்பீடு. ஜெர்மன், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய பறப்புச் சோதனைகளில் உயிரி எரிபொருள் கலவை பனித்துகள்களின் எண்ணிக்கையை 50 முதல் 70 சதவீதம் வரை குறைத்தது.

இதில் ஒரு விசித்திரம். இந்த மேகங்களைக் குறைக்க எரிபொருளைத் தொடவே வேண்டாம், சில பறப்புகளின் உயரத்தைச் சற்று மாற்றினால் போதும். ஜப்பான் வான்வெளி பற்றிய ஓர் ஆய்வில் 2.2 சதவீதப் பறப்புகளே இந்த வெப்ப விளைவில் 80 சதவீதத்தை உண்டாக்கின. கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 சோதனைப் பறப்புகளில் கோடு எங்கே விழும் என்ற முன்கணிப்பை விமானிகளுக்குக் கொடுத்து, கோடுகளை 54 சதவீதம் குறைத்ததாக 2023-இல் அறிவித்தன. செலவு மிகக் குறைவு. ஆனால் சுற்றிப் போவதால் எரிபொருள் கொஞ்சம் கூடும். கார்பன் டை ஆக்சைடை மட்டும் எண்ணும் கணக்கில் அந்த நிறுவனம் தப்பு செய்ததாகத்தான் பதிவாகும். நல்லது செய்தவனுக்கு அபராதம் போடும் இந்தப் பேரேட்டைத் திருத்துவதைவிட அவசரமான வேலை இந்தத் துறையில் இல்லை என்பது என் கருத்து.

எண்ணெய் எங்கிருந்து

உலகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 கோடி டன் ஜெட் எரிபொருள் எரிக்கிறது. ஃப்ளைட்100 பறந்த 2023-இல் உலகம் முழுக்கத் தயாரான எஸ்.ஏ.எஃப்., சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி, 5 லட்சம் டன். 0.2 சதவீதம். அடுத்த ஆண்டு இரட்டித்து 10 லட்சம் டன் ஆனது. அதே சங்கம் 2021 அக்டோபரில் 2050-க்குள் நிகரச் சுழி உமிழ்வு (வெளிவிடும் கார்பனை முழுக்க ஈடுசெய்துவிடும் நிலை) என்று தீர்மானம் போட்டபோது, குறைப்பில் சுமார் 65 சதவீதம் எஸ்.ஏ.எஃப்.-இலிருந்து வரும் என்று எதிர்பார்த்தது.

பொரித்த எண்ணெய் ஒரு கழிவு. கழிவை வேண்டுமென்று உற்பத்தி செய்ய முடியாது. உலகத்தில் எவ்வளவு பொரிக்கிறார்களோ அவ்வளவுதான் கிடைக்கும். அதற்கும் ஏற்கெனவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள், லாரிகளுக்கான பயோடீசல் ஆலைகள். விலங்குக் கொழுப்புக்குச் சோப்புத் தொழில் நெடுநாளைய வாடிக்கையாளர். விமானம் அதிக விலை கொடுத்து இழுத்துக்கொண்டால் லாரி மறுபடி டீசலுக்கும் சோப்பு பாமாயிலுக்கும் போகும். வானத்தில் கழித்த கார்பன் தரையில் கூடிவிடும். தனி ஒரு பறப்பின் கணக்கில் இந்த இடப்பெயர்ச்சி தெரியாது.

அடுத்தது நம்பிக்கை. பொரித்த எண்ணெய்க்குப் புது எண்ணெயைவிட அதிக மதிப்பு வந்தால் என்ன நடக்கும்? புது பாமாயிலுக்கே 'பொரித்தது' என்று சீட்டு ஒட்டத் தோன்றும். ஆலையில் ஹைட்ரஜன் ஏற்றிய பிறகு வரும் திரவத்தைப் பார்த்து, இது வடைச் சட்டியிலிருந்து வந்ததா, காடழித்த தோட்டத்திலிருந்து வந்ததா என்று எந்த ஆய்வகமும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. இருப்பதெல்லாம் காகிதம், சேகரித்தவர் எழுதிய ரசீது. ஆசியாவிலிருந்து வரும் சரக்கு குறித்து ஐரோப்பாவில் சந்தேகம் எழுந்தது. 2024-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சில உற்பத்தியாளர்களின் விநியோகச் சங்கிலியைத் தணிக்கை செய்யத் தொடங்கியது.

கொழுப்பே வேண்டாம், மின்சாரத்திலிருந்து செய்யலாம் என்பது அடுத்த வழி. தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன், காற்றிலிருந்தோ ஆலைப் புகையிலிருந்தோ கார்பன், இரண்டையும் சேர்த்து மண்ணெண்ணெய். நிலமும் வேண்டாம், பயிரும் வேண்டாம். ஆனால் ஒரு பங்கு ஆற்றலை எரிபொருளாகப் பெற இரண்டு பங்குக்கு மேல் மின்சாரம் கொட்ட வேண்டும், அதுவும் தூய மின்சாரம். அதே மின்சாரம் நிலக்கரி ஆலை ஒன்றை மூடினால் இன்னும் அதிகம் மிச்சமாகும் என்று ஒருவர் வாதிட்டால் அவரை மறுப்பது கடினம்.

விலையையும் சொல்லிவிடலாம். எஸ்.ஏ.எஃப். வழக்கமான எரிபொருளைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை. இயக்கச் செலவில் கால் பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போகும் தொழிலில் இதைத் தாங்க யாரும் முன்வருவதில்லை. வாங்குவோர் உறுதி இல்லாமல் ஆலை எழும்பாது, ஆலை இல்லாமல் விலை இறங்காது. 2024 ஜூலையில் ஷெல் தன் ராட்டர்டாம் ஆலைக் கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. அதே மாதம் ஏர் நியூசிலாந்து தன் 2030 உமிழ்வு இலக்கைக் கைவிட்டது. புதிய விமானங்களின் தாமதத்தோடு மாற்று எரிபொருளின் விலையையும் இருப்பையும் காரணமாகச் சொன்னது.

யார் பறக்கிறார்கள்

2018-இல் உலக மக்கள்தொகையில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானத்தில் ஏறினார்கள். எல்லை தாண்டிப் பறந்தவர்கள் அதிகபட்சம் 4 சதவீதம். அடிக்கடி பறக்கும் 1 சதவீதத்தினர் வணிக விமான உமிழ்வில் பாதியை உண்டாக்கினார்கள் என்கிறது 2020-இல் வெளியான ஆய்வு. டிக்கெட் விலையை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏற்றினால், ஆண்டுக்கு முப்பது முறை பறப்பவருக்கு உறைக்காது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வீட்டைப் பார்க்கப் போகும் கூலித் தொழிலாளிக்கு உறைக்கும். அடிக்கடி பறப்பவருக்கு ஏறிக்கொண்டே போகும் வரி என்ற யோசனை இதிலிருந்துதான் வருகிறது. இதுவரை பெரிதாக எங்கும் கால் ஊன்றவில்லை.

தேவையைக் குறைக்க முயன்ற அரசுகளின் அனுபவம் உற்சாகம் தருவதாக இல்லை. ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போக முடிகிற இடத்துக்கு விமானம் கூடாது என்று பிரான்ஸ் சட்டம் போட்டது. 2023-இல் அமலுக்கு வந்தபோது சிக்கியவை பாரிஸ் ஓர்லியிலிருந்து போர்டோ, நான்ட், லியோன் ஆகிய மூன்றே தடங்கள். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் நிலையத்தின் ஆண்டுப் பறப்புகளை 5 லட்சத்திலிருந்து 4.6 லட்சமாகக் குறைக்க நெதர்லாந்து அரசு கிளம்பியது. சத்தத்தால் தூக்கம் கெட்ட மக்கள் ஒரு பக்கம், விமான நிறுவனங்களும் அமெரிக்க அரசும் மறுபக்கம். 2023 நவம்பரில், ஃப்ளைட்100 பறந்த அதே மாதத்தில், திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. குறைவாகப் பறக்கச் சொன்ன யோசனை வீழ்ந்த மாதத்தில் வேறு எரிபொருளில் பறக்கும் யோசனை மேடை ஏறியது தற்செயல்தான். ஆனால் அரசியலில் எது எளிது என்பதை இந்தத் தற்செயல் நன்றாகவே காட்டுகிறது.

ஒரு சொல்லின் விலை

பறப்புக்கு முன்பு வர்ஜின் அட்லாண்டிக் ஒரு வானொலி விளம்பரம் விட்டது. அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் வணிக விமான நிறுவனமாக '100 சதவீத நிலைத்தகு விமான எரிபொருளில்' பறக்கப்போகிறோம் என்பது சாரம். ஐந்து பேர் புகார் செய்தார்கள். 2024 ஆகஸ்டில் பிரிட்டனின் விளம்பரத் தரநிலை ஆணையம் அந்த விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்று முடிவு சொன்னது. நூறு சதவீதம் என்பது தொட்டியில் இருக்கும் கலவை விகிதம் என்று பொறியாளருக்குத் தெரியும். காரில் போகும்போது வானொலி கேட்பவர் எரிபொருளே நூறு சதவீதம் தீங்கற்றது என்றுதான் புரிந்துகொள்வார். இது துறையில் நிலைபெற்ற கலைச்சொல் என்று நிறுவனம் வாதாடியது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, அதனால்தான் வருத்தமும் இருக்கிறது: கலைச்சொல்லிலேயே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் கே.எல்.எம். நிறுவனத்தின் பசுமை விளம்பர வாசகங்களில் 15-ஐத் தவறானவை என்று சொல்லியிருந்தது.

பிரிட்டன் அரசு என்ன கணக்குப் போட்டது

ஃப்ளைட்100-க்கு நிதி கொடுத்த அதே அரசு அதன் பிறகு எழுதிய சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் விற்கும் ஜெட் எரிபொருளில் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 10 சதவீதம், 2040-இல் 22 சதவீதம் எஸ்.ஏ.எஃப். இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் 2025-இல் 2 சதவீதத்தில் தொடங்கி 2050-இல் 70 சதவீதம் வரை போகச் சொல்கிறது. ஆனால் பிரிட்டன் சட்டத்தில் கூடுதலாக ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற ஹெஃபாவை முதல் இரண்டு ஆண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 2030-இல் அது 71 சதவீதத்துக்கு மேல் கூடாது, 2040-இல் 35 சதவீதத்துக்கு மேல் கூடாது.

பெருக்கிப் பார்ப்போம். 2030-இல் 10-இல் 71 சதவீதம் என்றால் மொத்த எரிபொருளில் 7.1. 2040-இல் 22-இல் 35 சதவீதம் என்றால் 7.7. பத்து ஆண்டில் கடப்பாடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஃப்ளைட்100 தொட்டியில் 88 சதவீதம் இருந்த அந்த எண்ணெய்க்கு ஒதுக்கிய இடம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. மீதி 14 சதவீதத்துக்கு மேல் வேறு வழிகளில் வர வேண்டும். அதில் மின்சாரத்திலிருந்து செய்யும் எரிபொருளுக்கு 2040-க்கென்று சட்டம் குறித்திருப்பது 3.5 சதவீதம். எஞ்சிய பத்துக்கும் மேற்பட்ட சதவீதத்தை நகரக் குப்பையிலிருந்தும் மரக்கழிவிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கான ஆலைகள் பெரும்பாலும் இன்னும் கட்டப்படவில்லை.